எறும்பு மொய்த்த எண்ணெய்

வினோத்ராஜின் பைக்கில் எல்லாம் இருந்தது. முன்சக்கரம் இருந்தது, பின்சக்கரம் இருந்தது, முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும் டேங்க் இருந்தது. இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டர் தெரிந்தது. திங்கட்கிழமை. கரிநாள் என்று சிவப்பில் போட்டிருந்தது.

"அக்கா, பைக்குக்கு ஜன்னல் வச்ச மாதிரி இருக்கு. காத்தோட்டம் நல்லா வரும்," என்றான் லிங்கேஸ்வரன்.

எப்சிபா சிரிக்கவில்லை. பல வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அவளுக்குச் சிரிப்பு குறைந்துபோயிருந்தது. எரியாத கடைகளையும் சாகாத மாடுகளையும் பார்த்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுத் தேனியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, வேலை கேட்டு வந்த ஒரே ஆள் லிங்கேஸ்வரன்தான். வாய் மட்டும்தான் அவன் தகுதி. அது ஓயாமல் வேலை பார்த்தது.

"எங்க வச்சிருந்த?" என்று கேட்டாள் எப்சிபா.

"இந்த மேசை மேல, அக்கா," என்றாள் நதியா. பழனிசெட்டிபட்டியில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள். கையில் ஸ்பேனர் இருந்தால் யாருக்கும் பயப்படாதவள். இப்போது கையில் ஸ்பேனர் இல்லை. அதையும் சேர்த்துத்தான் திருடிக்கொண்டு போயிருந்தார்கள்.

போனது சாதாரண இஞ்சின் இல்லை. இங்கிலாந்தில் செய்த பழைய இரட்டை சிலிண்டர். தேனியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வினோத்ராஜ் அந்த பைக்கை மேகமலை எஸ்டேட் ஒன்றின் கோழிக்கொட்டகையிலிருந்து மீட்டு வந்திருந்தார். நதியா முதன்முதலில் டேங்க் மூடியைத் திறந்தபோது உள்ளே கோழி இறகு கிடந்தது.

"பழைய இஞ்சின்ல ரெண்டு பிஸ்டனும் சேந்தே மேல போகும், சேந்தே கீழ வரும். ஓட்டுறவக பல்லெல்லாம் ஆடும்," என்றாள் நதியா. "நான் பிஸ்டனைத் தாங்குற கிராங்கையே மாத்திட்டேன். இப்ப ஒண்ணு முன்னால போனா இன்னொண்ணு பின்னால வரும். தீப்பொறி குடுக்கிற பழைய மேக்னட்டோவைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வச்சேன். ஆயில் ஃபில்டர் புதுசு. சிலிண்டரைப் பெருசாக்கி வலுவைக் கூட்டியிருக்கேன். தமிழ்நாட்டுல இப்படி ஒரு சத்தத்தோட ஒரு இஞ்சின் கிடையாது, அக்கா. இன்னும் ஒருக்கா கூட ஸ்டார்ட் பண்ணலை. அதுக்குள்ள..."

அவள் மேசையை ஒரு உதை உதைத்தாள்.

"யார் மேல சந்தேகம்?"

"வேற யாரு? போடி குருசாமிதான்!"

குருசாமி போடியில் ஏலக்காய் வியாபாரி. அவர் மீசையைப் பற்றி லிங்கேஸ்வரனுக்கே தெரியும். ஏலக்காய்க்கு அடுத்தபடியாக போடியில் ஏற்றுமதித் தரம் வாய்ந்த பொருள் அதுதான் என்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில், குருசாமிக்கும் வினோத்ராஜுக்கும் பந்தயம் முளைத்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த பைக் சின்னமனூரில் கிளம்பி, இஞ்சின் ஒருமுறைகூட அணையாமல் மேகமலை ஏற வேண்டும். ஏறிவிட்டால் குருசாமிக்கு மீசை போகும். நடுவழியில் அணைந்தால் வினோத்ராஜுக்கு மீசை போகும்.

"இஞ்சினே இல்லேன்னா அணையவும் செய்யாதே," என்றான் லிங்கேஸ்வரன். "அப்ப ரெண்டு மீசையும் தப்பிச்சுக்கிரும்."

"பைக் வரலேன்னா தோத்ததாத்தான் கணக்குன்னு பேசியிருக்காக," என்றாள் நதியா. "அது அவக மீசை, தானா மொளைச்சுக்கிரும். என் பேரு? ஒர்க்‌ஷாப்புல இஞ்சினையே தொலைச்ச பொம்பளைன்னு சொல்ல மாட்டாகளா? நாளைக்கு ஒரு சைக்கிள் பஞ்சராவது எங்கிட்ட வருமா?"

எப்சிபா கதவைப் பார்த்தாள். பூட்டு உடையவில்லை. "சாவி எங்க வைப்ப?"

"வெளிய தண்ணி டிரம்முக்குக் கீழ."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

நதியா கொஞ்சம் யோசித்தாள். "பழனிசெட்டிபட்டிக்கே தெரியும்."

நேற்று ஞாயிறு. காலையிலேயே உத்தமபாளையத்தில் ஒரு காதுகுத்துக்கு நதியா போய்விட்டாள். இன்று காலை வந்து திறந்தபோது மேசை காலி.

"இஞ்சினோட வேற என்ன போச்சு?"

"ஸ்பேனர் செட்டு. அப்புறம் ஒரு கேஸ்கெட் பாக்கெட்டு."

"இது என்ன?" எப்சிபா அலமாரியில் பளபளத்த இரண்டு பொருள்களைக் காட்டினாள்.

"கார்புரேட்டர். புதுசு. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சது. இங்க இருக்கிறதுலேயே விலை கூடினது இதுதான்."

"விலை கூடினதை விட்டுட்டு அட்டையைத் தூக்கிட்டுப் போயிருக்கான். படிக்காத திருடன்," என்று தீர்ப்புச் சொன்னான் லிங்கேஸ்வரன்.

"கேஸ்கெட் எதுக்கு உதவும், நதியா?"

"இஞ்சினைத் திறந்தா, இடையில வச்ச பழைய கேஸ்கெட் வீணாப்போகும். மறுபடி மூடணும்னா புதுசு வைக்கணும்."

"அப்ப திறந்து பாத்துட்டு, ஒழுங்கா மூடியும் வைக்கணும்னு நெனைக்கிற திருடன்," என்றாள் எப்சிபா. "ரொம்ப நல்ல குடும்பத்துப் பிள்ளையா இருக்கும். சரி, வினோத்ராஜ்கிட்ட சொல்லிட்டியா?"

"காலைலயே போன் பண்ணிட்டேன். பாவம், ஐயோன்னாரு. போலீசுக்குப் போகட்டுமான்னு கேட்டேன். வேணாம்மா, யாரையும் சங்கடப்படுத்த வேணாம், செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாப்போம்னாரு."

"தங்கமான மனுசன்!" என்றான் லிங்கேஸ்வரன்.

எப்சிபா குடையை விரித்து மடக்கினாள். அது அவள் யோசிக்கிற அடையாளம்.

அப்போதுதான் லிங்கேஸ்வரன் அதைக் கண்டுபிடித்தான். மேசைக்குக் கீழிருந்து வாசல் வரைக்கும், அங்கிருந்து ரோடு வரைக்கும், சொட்டுச் சொட்டாகக் கறுப்புக் கறை. அவன் நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது.

"அக்கா! எண்ணெய்! இஞ்சின் அழுதுக்கிட்டே போயிருக்கு!" என்று கத்தினான். மண்டியிட்டு, விரலால் தொட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "நல்ல தடிப்பான ஆயிலு. இந்தச் சொட்டைப் பிடிச்சுக்கிட்டே போனா நேரா போடி. குருசாமி வீட்டு வாசல். கேஸ் முடிஞ்சது, டீ குடிப்போம்."

"என் இஞ்சின் ஒழுகாது!" என்று சீறினாள் நதியா. "அதுவுமில்லாம நான் இன்னும் ஆயிலே ஊத்தலை."

"சாமான்யமா யாரும் ஒழுகுறதை ஒத்துக்கிற மாட்டாக," என்றான் லிங்கேஸ்வரன் ஆறுதலாக.

எப்சிபா குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு சொட்டைச் சுற்றியும் எறும்பு. வரிசை பிசகாமல் வந்து, குடித்து, வரிசை பிசகாமல் போய்க்கொண்டிருந்தன.

"ஏலே லிங்கு. எண்ணெய்க்கு எறும்பு எதுக்கு வருது?"

"அதுகளுக்கும் சர்வீஸ் தேதி வந்திருக்கும்."

"நக்கிப் பாரு."

"அக்கா!"

"சம்பளம் வாங்குறேல்ல? நக்கு."

லிங்கேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தான். முகம் சுருங்கியது, பிறகு விரிந்தது. இன்னொரு விரலாலும் தொட்டான்.

"திராட்சை!" என்றான். "கறுப்புத் திராட்சை. நல்ல பழம்."

"திராட்சைப் பெட்டிக்குள்ள வச்சுத் தூக்கிட்டுப் போயிருக்காக. அடியில கெடந்த பழம் இஞ்சின் கனத்துல நசுங்கியிருக்கு," என்றாள் எப்சிபா. "நம்மகிட்ட இருக்கிற ஒரே துப்பு இதுதான். வா."

ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்தில் பழக்கடை. கடைக்காரி அய்யம்மாள் ஆப்பிளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாங்குகிறவர்களைவிடத் தெருவைத்தான் அதிகம் கவனிப்பாள் என்பது அவள் தராசு நிற்கும் கோணத்திலேயே தெரிந்தது.

"திராட்சை யாரு போடுறாக, ஆத்தா?" என்று கேட்டாள் எப்சிபா.

"ஓடைப்பட்டி மகிழன். தெனம் காலைல வண்டில கொண்டாந்து எறக்கும். தங்கமான பையன்."

"நேத்தும் வந்துச்சா?"

"நேத்து ரெண்டு தடவ வந்துச்சுல்ல! காலைல பெட்டி எறக்கிட்டுப் போச்சு. மத்தியானம் நான் சோறு திங்க வீட்டுக்குக் கெளம்புறேன், மறுபடியும் வந்து அங்கன நிக்குது. என்னப்பா மறுபடியும்னு கேட்டேன். திராட்சை எறக்க மறந்துட்டேன் அக்கான்னுச்சு. ஏலே, காலைல எறக்குன திராட்சை என் முன்னால இருக்குன்னேன். அப்பிடியான்னு கேட்டுட்டு வேர்த்து ஊத்துது அதுக்கு."

லிங்கேஸ்வரனும் எப்சிபாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அரைக் கிலோ திராட்சை குடுங்க," என்றான் லிங்கேஸ்வரன். "தடயத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும்."

ஓடைப்பட்டிக்குப் போகும் வழியில் அவன் ஒப்பிட்டு முடித்துவிட்டான்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்த எப்சிபா வெயிலுக்குக் குடை விரித்திருந்தாள். எதிர்காற்று அதைப் பிடித்து இழுக்க, வண்டி முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாமல் முனகியது. வீரபாண்டி தாண்டியதும் ஒரு சைக்கிள்காரர் அவர்களை முந்திப் போனார். போகும்போது பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, குடையை மடக்குனா இன்னைக்கே போய்ச் சேரலாம்."

"நீ வாயை மடக்குனா அதைவிடச் சீக்கிரம் போகலாம்."

சின்னமனூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். எப்சிபா கொஞ்சம் தள்ளிப் போய் இரண்டு பேருக்குப் போன் பேசினாள். போலீசாகத்தான் இருக்கும் என்று லிங்கேஸ்வரன் நினைத்துக்கொண்டான். குருசாமி ஊரறிந்த ஆள், பெரிய மீசை, பெரிய கை. அந்தக் கையில் அடி விழுந்தால் முதலில் வாங்குவது யார் என்று யோசித்தபோது அவனுக்கு வடை இறங்கவில்லை. ஆனாலும் இரண்டாவது வடையையும் சாப்பிட்டான்.

ஓடைப்பட்டியில் காற்றாலைகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மகிழனின் தோட்டத்தில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகத் திராட்சை. பந்தலுக்குக் கீழே மகிழன் நின்றான். இவர்களைப் பார்த்ததும் கையில் வைத்திருந்த கத்தரிக்கோலால் காற்றை வெட்ட ஆரம்பித்தான்.

"தம்பி, நேத்துப் பழனிசெட்டிபட்டியில இருந்து என்ன ஏத்திட்டு வந்தீக?" என்று சாதாரணமாகக் கேட்டாள் எப்சிபா.

"ஒண்ணும் ஏத்தலையே! நான் எந்த ரெட்டை சிலிண்டரையும் பாக்கலை!"

மகிழனே தான் சொன்னதைத் திரும்ப நினைத்துப் பார்த்து, மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அக்கா, அங்க பாருங்க!" லிங்கேஸ்வரன் கிசுகிசுத்தான்.

வேப்பமரத்து நிழலில் வெள்ளை ஜீப் ஒன்று நின்றது. கண்ணாடியில் 'குருசாமி ஏலக்காய் மண்டி, போடி' என்று எழுதியிருந்தது. பத்தடி தள்ளியிருந்தும் ஏலக்காய் மணம் மூக்கில் ஏறியது.

"நான் காலைலயே சொன்னேன், நீங்க எறும்பு பின்னால போனீக," என்றான். பந்தலின் கோடியில் மோட்டார் ரூம் தெரிந்தது. கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே இரும்போடு இரும்பு உரசும் சத்தம். லிங்கேஸ்வரனுக்குள் ஒரு வீரம் வந்து புகுந்துகொண்டது. எப்சிபா கையைப் பிடிப்பதற்குள் ஓடினான். உதிர்ந்த திராட்சையில் கால் வைத்தான். மிச்ச தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்து, கதவை முட்டித் திறந்து, மோட்டார் ரூமுக்குள் போய்ச் சேர்ந்தான்.

கயிற்றுக் கட்டிலின் மேல் இஞ்சின். மேல்பாகத்தைக் கழற்றித் தனியே ஒரு சாக்கின் மேல் அழகாக அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் கையில் டார்ச்சோடு குருசாமி. மீசை நேரில் இன்னும் பெரிதாக இருந்தது.

"கையைத் தூக்குங்க அண்ணாச்சி!" என்றான் லிங்கேஸ்வரன் தரையிலிருந்தே.

குருசாமி டார்ச்சோடு கையைத் தூக்கினார். வெளிச்சம் கூரைக்குப் போனது. "நான் திருடலைப்பா. நான் ஒத்தாசைக்கு வந்தேன்," என்றார்.

"யாருக்கு ஒத்தாசை?"

குருசாமியின் கண் தானாகக் கட்டிலுக்கு அடியில் போனது. அங்கே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நல்ல தோல் செருப்பு. லிங்கேஸ்வரன் இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தான். முதலில் வேட்டி வந்தது, அப்புறம் தொப்பை வந்தது, கடைசியாகக் கிரீஸ் பூசிய முகம் வந்தது.

பாத்திரக்கடை வினோத்ராஜ்.

"தங்கமான மனுசன்," என்றாள் வாசலில் வந்து நின்ற எப்சிபா.

"உங்க இஞ்சினை நீங்களே திருடுனீகளா?" லிங்கேஸ்வரனுக்கு வாய் திறந்தது, முதல் தடவையாக ஒரு நக்கலும் வெளியே வரவில்லை.

வினோத்ராஜ் எழுந்து உட்கார்ந்தார். இடது கை விரலில் தலையணை மாதிரி ஒரு கட்டு. அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே காயம் எதுவும் இல்லை. மோதிர விரலில் மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"கல்யாண மோதிரம், அக்கா," என்றார். "சனிக்கிழமை சாயங்காலம் இஞ்சினை மூடப் போறேன்னு நதியா சொல்லுச்சு. என் பைக்கு, நானும் ஒரு போல்ட்டாவது முடுக்கணும்னு ஆசைப்பட்டுக் கையை விட்டேன். உள்ள டிங்குன்னு ஒரு சத்தம். அப்பத் தெரியலை. வீட்டு வாசலுக்குப் போய்ப் பாத்தா விரல் காலி. ஏற்கெனவே ஒரு மோதிரத்தைச் சுருளி அருவில விட்டவன் நான். இதையும் தொலைச்சா பைக்கை எடைக்குப் போட்டுருவேன்னு என் சம்சாரம் ஷீபா சொல்லியிருக்கா. சொன்னாச் செய்வா."

"நதியாகிட்ட சொல்லித் திறக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"நதியாவும் ஷீபாவும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவக. நதியாகிட்ட சொல்றதும் ஷீபாகிட்ட சொல்றதும் ஒண்ணு. இந்தப் பக்கத்துல இதைத் திறந்து மூடத் தெரிஞ்ச ஆளுக மூணு பேரு. ஒண்ணு நதியா. ஒண்ணு நான், எனக்கு அரைகுறை. மூணாவது இவன், பழைய வண்டிப் பைத்தியம்." குருசாமியைக் காட்டினார்.

"நான் தோக்கணும்னு அவனுக்கு ஆசைதான். ஆனா குடும்பத்துல தோக்கக் கூடாதுன்னான்," என்றார் வினோத்ராஜ்.

"மீசை வேற, சம்சாரம் வேற," என்றார் குருசாமி கம்பீரமாக. கை இன்னும் மேலேதான் இருந்தது.

நேற்று அய்யம்மாள் சாப்பிடப் போனதும், வினோத்ராஜும் அவருக்குத் தெரிந்த மகிழனும் டிரம் சாவியால் திறந்து, இஞ்சினைத் திராட்சை வண்டியில் ஏற்றி வந்துவிட்டார்கள். நாளைக்குள் மோதிரத்தை எடுத்துவிட்டு, புதுக் கேஸ்கெட் வைத்து மூடி, யாருக்கும் தெரியாமல் மேசையில் வைத்துவிடுவது என்பது திட்டம். ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தும், கம்பி விட்டுத் துழாவியும், மோதிரம் தட்டுப்படவில்லை.

"கவுத்துருவோம்," என்றாள் எப்சிபா.

நாலு பேரும் சேர்ந்து இஞ்சினைத் தூக்கினார்கள். மகிழன் ஒரு முனை, குருசாமி ஒரு முனை, நடுவில் பெருமூச்சோடு வினோத்ராஜ், எடையெல்லாம் தன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டு லிங்கேஸ்வரன். எப்சிபா கீழே ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டினாள். தலைகீழாகச் சாய்த்தார்கள். உள்ளே ஏதோ உருண்டது. தட்டில் விழுந்தது.

டிங்!

ஐந்து தலைகளும் தட்டுக்கு மேல் முட்டிக்கொண்டன.

அது மோதிரம் இல்லை. ஒரு நட்டு.

வினோத்ராஜ் இஞ்சினை இன்னொரு முறை குலுக்கச் சொன்னார். குலுக்கினார்கள். வேறொன்றும் விழவில்லை. அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் மோதிரம் எங்க?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"இங்க," என்றது ஒரு குரல்.

வாசலில் ஷீபா நின்றாள். பின்னால் நதியா, கையில் ஸ்கூட்டர் சாவியோடு. ஷீபா கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்தாள். அதில் மோதிரம் கோத்திருந்தது.

வினோத்ராஜ் சட்டென்று மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்.

"காலு வெளிய தெரியுது," என்றாள் ஷீபா. "வாங்க."

வந்தார்.

"சனிக்கிழமை காலைல குளிச்சிட்டு சோப்பு டப்பாவுல விட்டுட்டுப் போனீக. சாயங்காலம் நீங்க இஞ்சினுக்குள்ள கையை விடும்போது, இது என் கழுத்துல கெடக்கு. நீங்களா வந்து சொல்றீகளான்னு பாத்தேன். நீங்க என்னடான்னா விரல் நசுங்கிருச்சுன்னு கட்டு போட்டுக்கிட்டு வந்தீக. நான் நம்பி, சோறு வேற பிசைஞ்சு குடுத்தேன்."

"இடது கைதானே நசுங்குச்சு, சோறு எதுக்குப் பிசைஞ்சு குடுத்தீக?" என்றான் லிங்கேஸ்வரன்.

ஷீபா நின்றாள். கணவனைப் பார்த்தாள். "அதுவும் ஏமாத்துதானா?" என்றாள். வினோத்ராஜ் லிங்கேஸ்வரனைப் பார்த்த பார்வையில் சொந்த இஞ்சினைத் திருடிய பாவமெல்லாம் சின்னதாகிப்போனது.

எப்சிபா சின்னமனூரில் செய்த போன் ஒன்று ஷீபாவுக்கு, இன்னொன்று நதியாவுக்கு என்று அப்போதுதான் லிங்கேஸ்வரனுக்குப் புரிந்தது. இஞ்சினைப் பறிகொடுத்தவர் செவ்வாய்க்கிழமை வரை பொறுப்போம் என்றால், செவ்வாய்க்கிழமை அது வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எறும்பு வழியைச் சொன்னது. ஆளைச் சொன்னது அந்தப் பொறுமை. வீட்டில் ஏதாவது புதிதாக நடந்ததா என்று ஷீபாவிடம் கேட்டதும், கட்டுப்போட்ட விரலும் சங்கிலி மோதிரமும் போனிலேயே வந்துவிழுந்தன.

ஆனால் நதியா எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தட்டிலிருந்த நட்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"இது என் மேசையில கெடந்த நட்டு," என்றாள். "அண்ணே கையை விடும்போது சட்டைக் கையில தட்டி உள்ள விழுந்திருக்கு. பேச்சு சுவாரஸ்யத்துல நான் பாக்காம மூடியிருக்கேன்."

"ஒரு நட்டு தானேம்மா," என்றார் வினோத்ராஜ்.

"ஸ்டார்ட் பண்ணியிருந்தா அந்த நிமிஷமே கிராங்குல மாட்டியிருக்கும். இஞ்சின் கூடே பிளந்திருக்கும். மலை வளைவுல போகையில அப்படி ஆகியிருந்தா..." ஷீபாவின் கை தானாகப் போய்க் கணவன் தோளைப் பிடித்துக்கொண்டது. "உங்களைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கணும்னு வந்தேன், அண்ணே. நீங்க திருடலேன்னா நானே என் இஞ்சினைக் கொன்னிருப்பேன்."

வெளியே கிளி ஒன்று கத்திக்கொண்டே திராட்சை தின்றது. மகிழன் ஓடிப்போய் அதை விரட்டிவிட்டு வந்தான்.

நதியா மூக்கை உறிஞ்சினாள், முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டினாள். "கேஸ்கெட்டை எடுங்க. ஸ்பேனரை எடுங்க. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமா இவரு," என்று லிங்கேஸ்வரனைக் காட்டினாள். ஷீபா வாசலில் ஒரு திராட்சைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற ஒவ்வொரு நட்டையும் தன் கண்ணால் பார்த்தாள். குருசாமி டார்ச் பிடித்தார். இஞ்சின் மூடும் வரை லிங்கேஸ்வரன் பேசவில்லை. அவனுக்கு லேசாகக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை ஒர்க்‌ஷாப்பில் பைக்கின் ஜன்னல் மூடப்பட்டது. ஆயில் ஊற்றினார்கள், கார்புரேட்டர் இரண்டையும் மாட்டினார்கள். நதியா கிக்கரை மிதித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தாள். இருமியது. மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. தாளம் தவறிய மாதிரி ஆரம்பித்து, தவறுவதையே தாளமாக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து வருகிற ஒரு சத்தம். அய்யம்மாள் கடையில் ஆப்பிள்கள் ஒவ்வொன்றாக உருண்டு இறங்கின. தெருவே வாசலில் வந்து நின்றது. நதியா யார் பக்கமும் திரும்பவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, எண்ணெய்த் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மை இட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சின்னமனூரில் கிளம்பினார்கள். பைக்கில் வினோத்ராஜும் ஷீபாவும், பின்னால் குருசாமியின் ஜீப்பில் மற்றவர்கள். நடுவர் எப்சிபா. வளைவுக்கு வளைவு அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. தேயிலை தொடங்குகிற இடத்தில் நடுரோட்டில் ஒரு காட்டுமாடு நின்றது. வினோத்ராஜ் நிறுத்தினார். இஞ்சின் மட்டும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. ஜீப்பில் குருசாமி அது அணைய வேண்டும் என்று வேண்டினார், நதியா அணையக் கூடாது என்று வேண்டினாள், லிங்கேஸ்வரன் காட்டுமாடு தன்னைப் பார்க்கக் கூடாது என்று வேண்டினான். காட்டுமாடு தலையைச் சாய்த்து, வெகுநேரம் அந்தத் தாளத்தைக் கேட்டது. பிறகு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிப் போய்விட்டது. இஞ்சின் அணையவில்லை.

மேகமலை கடைத்தெருவில் ஒரு சலூன் இருந்தது. குருசாமி சொன்ன சொல் தவறாதவர். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வேலை முடிந்து அவர் திரும்பியபோது யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. அவ்வளவு காலமாக அந்த மீசைக்குப் பின்னால் இவ்வளவு சாதுவான ஒரு மனிதர் இருந்திருக்கிறார். வினோத்ராஜ்தான் எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எல்லாரும் மலையிறங்கி அவரவர் வீட்டுக்குப் போன பிறகு, எப்சிபாவின் அலுவலகத்தில் போன் அடித்தது. லிங்கேஸ்வரன் எடுத்தான்.

"துப்பறியிற ஆபீசுங்களா?" பெண் குரல், பதற்றத்தில் நடுங்கியது. "போடியில இருந்து பேசுறேன். என் பேரு சுகிர்தம். எங்க வீட்டுக்காரகளைக் காணோம்ங்க. காலைல மலைக்குப் போறேன்னு ஜீப்புல போனாக. இப்ப ஜீப்பு வந்துருச்சு. ஆனா யாரோ ஒருத்தன் அவக சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து, நடு வீட்டுல உக்காந்து காப்பி கேக்குறான்!"

லிங்கேஸ்வரன் வாயைத் திறந்தான். எப்சிபா கையை நீட்டி ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முதல்ல அவருக்குக் காப்பியைக் குடுங்கம்மா," என்றாள். பல வருஷத்துக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. "ஏலக்காய் தட்டிப் போட்டுக் குடுங்க. நல்லா இல்லேன்னு சொன்னா, அது உங்க வீட்டுக்காரகதான்."